'கேவலம்' என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? எங்கே பயன்படுத்தலாம்?

கண்ணியமில்லாத நடத்தையைச் சொல்ல 'கேவலம்' பொருத்தமான சொல்லா, இல்லை அது வெறும் வசவா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தமான சொல்தான், வசவு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வடமொழியில் 'கேவல' என்றால் தனித்த, மட்டும், முழுமையான என்றெல்லாம்தான் பொருள், இழிவு என்ற வாடையே அதில் கிடையாது. சமணத்தில் முற்றறிவுக்கே கேவல ஞானம் என்று பெயர், அதற்கு மேல் ஓர் அறிவு இல்லை. 'மட்டும்' என்பது 'இவ்வளவுதானா' என்றாகி, அப்புறம் மதிப்பில்லாதது, மானம் கெட்டது என்று தமிழில் இறங்கிவிட்டது. பழைய பொருளும் போய்விடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மேலாளர் ஒருவர், தாமதமாக வந்த ஒரு பெரியவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார். அவர் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை, அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்து, "கேவலம் பத்து நிமிஷம் லேட்டானதுக்கு இவ்வளவு கேவலமாப் பேசுறாரே தம்பி" என்றார். முதல் கேவலம் 'வெறும்', இரண்டாவதுதான் நீங்கள் கேட்கும் கேவலம். அளவுக்கு முன்னால் தனியாக வந்தால் ஒன்று, 'ஆக', 'ஆன' ஒட்டினால் இன்னொன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்துப் பேசினாலும் யாருக்கும் குழப்பம் வராது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 'கேவலமாகப் பேசினார்' என்றால் கறை பேசியவர் மேல். 'கேவலப்படுத்தினார்' என்றால் கேட்டுக்கொண்டு நின்றவருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் முன்னால் வருகிறது. 'கேவலப்பட்டேன்' என்றால் அந்த அவமானத்தைத் தானே சுமந்துகொள்வது. அந்தப் பெரியவர் சொன்னது முதலாவது, அவர் சொன்னதுதான் சரி. கண்ணியம் இழந்தது அவர் இல்லையே! 'கேவலமானவன்' என்று ஆளுக்கே முத்திரை குத்துவதை மட்டும் நான் செய்வதில்லை, செய்த காரியத்தைச் சொன்னால் போதும்.

மற்றபடி 'மட்டம்' தரத்தைச் சொல்லும், 'அற்பம்' சிறுமையைச் சொல்லும். புகார்க் கடிதம் மாதிரி முறையாக எழுதும் இடத்தில் 'கண்ணியக் குறைவான' என்று போடுங்கள், அங்கே 'கேவலமான' என்று எழுதினால் நீங்கள் கோபத்தில் எழுதியதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.