ஒகேனக்கல்லில் வலையில் சிக்கிய ஒட்டுமீன் எது?

பாறை இடுக்கில் கிடைத்த விரல் நீள மீன், வாளிச் சுவரில் ஒட்டிக்கொண்டு விடவில்லை, டேங்க் கிளீனர் (தொட்டியில் பாசி தின்ன விடும் வெளிநாட்டு உறிஞ்சு மீன்) குட்டியா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் முதுகு மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் எனக்கு அது டேங்க் கிளீனர் மாதிரி படவில்லை. டேங்க் கிளீனருக்கு உடம்பெல்லாம் எலும்புத் தகடு, தொட்டால் சொரசொரக்கும். உங்கள் மீனுக்கு வழுவழுப்பான தோல்.

மீனைக் கண்ணாடி ஜாடியில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வாயே வட்டமாக விரிந்து உறிஞ்சினால் டேங்க் கிளீனர். வாய் சும்மா இருக்க, இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவே நெஞ்சில் சேலைக் கொசுவம் போல நீளவாக்கில் மடிப்புகள் இருந்தால், அது கிளிப்டோதோராக்ஸ். வேகமான தண்ணீரில் பாறையைப் பிடித்து வாழும் நம்மூர்க் கெளுத்தி வகை. மீசையையும் எண்ணுங்கள், நான்கு ஜோடி இருக்க வேண்டும். இந்தப் பேரினத்தில் மதராஸ்பட்டனஸ் என்ற இனம் காவிரியில் கலக்கும் பவானியிலிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டது. உங்களுடையதும் அதுவேதான் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

வளர்ப்பதா? மூலையில் குமிழி விடும் சின்ன ஃபில்டர் இதற்குப் போதாது. நல்ல நீரோட்டமும் நிறைய ஆக்சிஜனும் வேண்டும். பாசியைத் தின்னும் என்று நம்பிப் பட்டினி போடாதீர்கள், இது பூச்சி, புழு தின்கிற மீன். வேறு மீன்களோடு சேர்க்கவில்லை என்றால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். டேங்க் கிளீனர் என்றால் மட்டும் ஆற்றில் விடவே கூடாது.

சரி, அடிப்பக்கப் படம் ஒன்று போடுங்கள். பிடிக்கும்போது துடுப்பு முள் ஜாக்கிரதை.