கல்லீரலின் மைக்ரோ ஆர்.என்.ஏ-122: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ-122இன் மரபணு புரதம் எதையும் உருவாக்குவதில்லை என்கிறார்கள். அப்படியானால் அதன் வேலை என்ன?

பதில்: 18ஆம் குரோமோசோமில் உள்ள இம்மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட ஆர்.என்.ஏ இழை, படிப்படியாக வெட்டப்பட்டு, ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏவின் அலகுகள்) கொண்ட சிறு துணுக்காகிறது; அதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ-122. அத்துணுக்கு, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏக்களில் தனக்குப் பொருந்துபவற்றைப் பற்றிக்கொண்டு, அவற்றிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது. கல்லீரலில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்களில் பெரும்பகுதி இது ஒன்றே.

கேள்வி: எனக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்து குணமானது. அந்த வைரஸுக்கு இந்த மூலக்கூறு துணைபோகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மைதான், 2005இல் இது கண்டறியப்பட்டது. வழக்கமாக ஆர்.என்.ஏவை அடக்கும் இத்துணுக்கு, ஹெபடைட்டிஸ் சி வைரஸின் ஆர்.என்.ஏ தொடங்கும் முனைக்கு அருகே இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டு, செல்லின் நொதிகள் அம்முனையை அரித்துவிடாமல் காக்கிறது. நம் உடல் தன் தேவைக்காக வைத்திருக்கும் ஒன்றையே வைரஸ் தனக்குக் கவசமாக்கிக்கொண்டிருப்பது, இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி.

கேள்வி: அந்தத் துணுக்கைத் தடுத்தால் நோய் தீருமல்லவா?

பதில்: அந்த எண்ணத்தில்தான் மிராவிர்சென் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. 36 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளியாயின. வாரம் ஒன்றாக ஐந்து ஊசிகள் போடப்பட்டதில், மருந்தின் அளவுக்கேற்ப ரத்தத்தில் வைரஸ் குறைந்தது. ஆயினும், வைரஸையே நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் சில வாரங்களிலேயே பெரும்பாலோரைக் குணப்படுத்தத் தொடங்கியதால், இதற்கான தேவை குறைந்துவிட்டது.

கேள்வி: மைக்ரோ ஆர்.என்.ஏ-122 முற்றிலும் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

பதில்: இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் முதலில் கொழுப்பு சேர்ந்தது, பின்னர் அழற்சியும் தழும்பும் தோன்றி, இறுதியில் புற்றுநோயும் வந்தது என்று 2012இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனிதர்களின் கல்லீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றிலும் இதன் அளவு குறைந்தே காணப்படுகிறது. ஆகவே, வைரஸுக்கு உதவுகிறது என்பதற்காக இதை நெடுங்காலம் அடக்கிவைப்பதை நான் அச்சத்துடனேயே பார்க்கிறேன்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் இதை அளக்க முடியுமா?

பதில்: முடியும். கல்லீரல் செல்கள் சிதையும்போது இது ரத்தத்தில் கலக்கிறது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொண்டவர்களிடம் இதன் உயர்வு தெளிவாகக் காணப்பட்டது. எனினும் மருத்துவர்கள் அன்றாடம் நம்புவது கல்லீரல் நொதிப் பரிசோதனைகளையே. உங்களுக்கும் அவையே போதும்.