டிசம்பர் முதலாம் திகதிக் கூட்டம் போதுமா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் ஊரில் பல வீடுகளில் கணவனோ மகனோ கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிறார்கள். சென்ற வருடம் உலக எயிட்ஸ் தினத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தோம். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். இளைஞர்கள் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. இதற்கிடையில், வெளிநாட்டிலிருந்து மெலிந்து திரும்பிய ஒரு பையனைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி கதைக்கிறார்கள். இவ்வருடம் எப்படிச் செய்தால் பயன் இருக்கும்?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரை மனதில் வைத்துக் கூட்டம் கூட்டாதீர்கள். மேடையில் பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கு விளங்கிவிடும். ஒருவர் மெலிவதற்குக் காசநோய், நீரிழிவு, கடன் கவலை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆளைப் பார்த்து எச்.ஐ.வி இருக்கிறது என்று சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு இத்தொற்று இருப்பதாக வதந்தி பரவி, மற்றப் பெற்றோர் எதிர்த்ததால் அவனால் பாடசாலைக்குப் போக முடியவில்லை. அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவனைத் தள்ளிவைக்க ஒரு நியாயமும் இல்லை. பக்கத்தில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ இது தொற்றுவதில்லை.

இனி உங்கள் கூட்டம். டிசம்பர் முதலாம் திகதியை விட்டுவிடுங்கள். நமது பக்கத்தில் அது அடைமழைக் காலம். பாதை வெள்ளத்தில் நிற்கும்போது வருபவர்கள் படம் எடுப்பதற்காக வருபவர்களாகத்தான் இருப்பார்கள். பெரும்போக நெல் வெட்டு முடிந்து, கையில் கொஞ்சம் காசும் மனதில் ஆறுதலும் இருக்கும் பங்குனி, சித்திரையில் வையுங்கள். கண்ணகி அம்மன் சடங்குகள் தொடங்கும் வைகாசிக்கு முன்னர் முடித்துவிடலாம்.

அதைவிட முக்கியமானது, ஒரே மண்டபத்தில் எல்லோரையும் இருத்தாதீர்கள். மாமியாருக்கு முன்னால் மருமகள் ஆணுறை பற்றிக் கேட்பாளா? தகப்பனுக்கு முன்னால் மகன் வாய் திறப்பானா? சென்ற வருடம் கேள்வி வராததற்கு வெட்கத்தைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெண்களுக்குத் தனியாகவும், இளைஞர்களுக்கு அவர்கள் விளையாடும் மைதானத்தின் ஓரத்திலேயும், வெளிநாடு போக ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு வேறாகவும் சிறு சிறு அமர்வுகளாக வையுங்கள். இருபது பேர் போதும். ஒவ்வொரு குழுவும் இரண்டு, மூன்று தடவை கூட வேண்டும். முதல் நாளில் எவரும் மனம் திறப்பதில்லை.

கேள்விகளை வரவழைக்க நான் பல ஊர்களில் செய்து பார்த்த ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுக் காகிதமும் பென்சிலும் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் எதையாவது எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பிடித்த கறியின் பெயராக இருந்தாலும் சரி. எல்லோரும் எழுதும்போது யார் என்ன கேட்டார் என்று தெரியாது. சலூன் கத்தியால் வருமா, அவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஆணுறை போடச் சொல்வது எப்படி என்றெல்லாம் அப்போதுதான் வரும். இரண்டாவது கேள்விக்கு விரிவுரையில் பதில் இல்லை. பெண்கள் இருவர் இருவராக அந்தப் பேச்சைச் சொல்லிப் பழக வேண்டும்.

இளைஞர்களிடம் மறைக்காமல் பேச வேண்டும். அண்மை வருடங்களில் நாட்டில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். ஆணுடன் கொண்ட உறவால் தொற்று ஏற்பட்டவர்கள் அவர்களில் கணிசமானோர். இதைச் சொல்லாமல் விட்டால், கேட்டே ஆக வேண்டியவர் கேட்காமல் போய்விடுவார். ஆணுறையை எப்படிப் போடுவது என்று மரத்தால் செய்த ஆண்குறி மாதிரியில் செய்து காட்டுங்கள். பாதுகாப்பற்ற உறவு நடந்துவிட்டால், 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருப்பதையும் சொல்லுங்கள். அது எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மண்டையோடு போட்ட சுவரொட்டிகளைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். கூத்துப் போடுவதென்றாலும் கடைசிக் காட்சியில் ஆளைச் சாகவிடாதீர்கள். இலங்கையர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 1987இல் கொடுப்பதற்கு நம்மிடம் மருந்து இருக்கவில்லை. இன்று அரசாங்க சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். அதைத் தினமும் எடுப்பவர் வேலை செய்து, பிள்ளை பெற்று, மற்றவர்களைப் போல வாழலாம். அவரது இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. பயந்தவர் பரிசோதனைக்குப் போகமாட்டார். இதை அறிந்தவர் போவார்.

பெண்களிடம் தொடங்க ஒரு நல்ல வாசலும் இருக்கிறது. அண்மையில் குழந்தை பெற்ற தாய்மாரிடம் கேளுங்கள்: கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி, சிபிலிஸ் பரிசோதனைகளும் செய்யப்படுகின்றன. அவர்களில் பலர் தெரியாமலே இதைக் கடந்து வந்தவர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்ததற்கு இந்த ஊசிக்குத்தும் ஒரு காரணம். ‘நீங்கள் ஏற்கனவே செய்ததைத்தான் உங்கள் கணவரும் செய்யப் போகிறார்’ என்று சொல்லும்போது அதில் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

வெளிநாடு போகிறவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். போகுமுன் எடுத்த மருத்துவச் சான்றிதழ் அன்றைய நிலையைத்தான் காட்டும், அங்கே பாதுகாக்காது. அதேபோல, வெளிநாடு போனதனாலேயே எவருக்கும் நோய் வருவதில்லை.

பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகக் கடிதமோ சிபாரிசோ வேண்டியதில்லை. பரிசோதனை இலவசம், முடிவு வெளியே போகாது. ஆனால் ‘மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்’ என்று மட்டும் சொன்னால் எவரும் போகமாட்டார்கள். உங்கள் சங்கத்தில் இரண்டு மூன்று பேர் முதலில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எந்த வாசலால் போவது, எந்த நாளில் கூட்டம் குறைவு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த பஸ்ஸில் திரும்பலாம் என்பதையெல்லாம் வந்து சொல்லுங்கள். ஆபத்து நேர்ந்து சில நாட்களில் செய்த பரிசோதனையில் தொற்று தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பங்குனியில் முதல் அமர்வு என்றால், தை மாதத்திலேயே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பெண்களின் அமர்வுக்குக் குடும்பநல உத்தியோகத்தரையே கேளுங்கள். அவர் ஏற்கனவே உங்கள் ஊரின் வீட்டுப் படிகள் எல்லாம் ஏறி இறங்கியவர்.