ஜெனீவாவுக்கு எழுதுவதற்கு முன்: குழந்தை உரிமைக் குழு, கேள்வி பதில்

ஆசிரியை, திருச்சி: குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறதே சார், ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நேராக ஐ.நா. குழுவுக்குப் புகாராக அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் எடுக்க மாட்டார்கள். 1989 உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. தனிநபர் புகாருக்கு வழி விடுவதோ 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறை, அதாவது நாடுகள் விரும்பினால் தனியாகச் சேரும் இணைப்பு ஒப்பந்தம். அதில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. உடனடி உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் குற்றம் என்றால் போலீசுக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தண்டனை உண்டு.

தொண்டு நிறுவன ஊழியர், மதுரை: அப்படியானால் அந்தக் குழுவால் நமக்கு என்ன பயன்?

நாட்டின் போக்கைக் கேள்வி கேட்க வைக்கலாம். குழுவில் 18 வல்லுநர்கள். அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். பிறகு ஜெனீவாவில் அரசுக் குழுவோடு சுமார் ஆறு மணி நேர உரையாடல். தன் நாட்டைப் பற்றிய உரையாடலில் அந்நாட்டு உறுப்பினர் கலந்துகொள்ள மாட்டார். முடிவில் பரிந்துரைகள் வெளிவரும்.

பலர் தவறுவது நேரத்தில். உரையாடல் நடக்கும் வாரத்தில் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். குழு அரசுக்கு அனுப்பும் கேள்விப் பட்டியல் அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடும். எளிமையாக்கப்பட்ட அறிக்கை முறை என்றும் ஒன்று உண்டு; அதில் கேள்விகள் முதலில் போகும், அவற்றுக்கான பதில்களே அரசின் அறிக்கை. உங்கள் மாற்று அறிக்கை (அரசு அறிக்கைக்கு இணையாகத் தொண்டு நிறுவனங்கள் தருவது) அந்தப் பட்டியலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஐ.நா.வின் பண நெருக்கடியால் அமர்வுகள் தள்ளிப்போவதும் உண்டு. கெடுவை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஊழியர்: அறிக்கையில் என்ன எழுதுவது?

எல்லாவற்றையும் எழுதாதீர்கள். மூன்று நான்கு பிரச்சினைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் வரிசை இது: உடன்படிக்கையின் பிரிவு எண், முந்தைய பரிந்துரை, இன்றைய நிலை (எந்த மாவட்டம், எந்த ஆண்டு, யாருடைய கணக்கு), அரசிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, ஒரு பரிந்துரை. ‘விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்’ என்பது பரிந்துரையே அல்ல; எந்தத் துறை, எந்தச் சட்டப் பிரிவை, எப்போதைக்குள் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதுபவர்கள், 32ஆம் பிரிவைப் படிப்படியாகவே நிறைவேற்றுவோம் என்று சேரும்போதே இந்தியா அறிவித்ததை மறக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் வாதம் கூர்மையாகும்.

குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதுவும் வேண்டாம். சிற்றூரில் ‘13 வயது, தந்தை இல்லை, விடுதி’ என்ற மூன்று விவரமே ஆளைக் காட்டிவிடும். அறிக்கைகள் பொதுவில் வெளியாகும். உங்களுக்கு ஆபத்து உண்டென்றால் இரகசியமாக வைக்கும்படி அனுப்பும்போதே கேட்க வேண்டும். தமிழில் எழுதினால் படிக்க ஆளில்லை, ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: போர்க் காலத்தில் சிறுவர்களைப் படையில் சேர்த்ததைக் கண்காணித்ததும் இந்தக் குழுதானா?

இல்லை, அது வேறு பொறிமுறை. 2005இல் பாதுகாப்புச் சபையின் 1612ஆம் தீர்மானம் உருவாக்கியது. ஆறு வகை மீறல்களைப் பதிவு செய்வார்கள்: கொலையும் உறுப்புச் சிதைப்பும், படையில் சேர்ப்பு, பாலியல் வன்முறை, கடத்தல், பாடசாலை-மருத்துவமனைத் தாக்குதல், மனிதாபிமான உதவி மறுப்பு. களத்தில் யுனிசெஃபும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சரிபார்த்த சம்பவங்களே பொதுச்செயலரின் ஆண்டறிக்கைக் கணக்கில் ஏறும். அதனால் அந்த எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கை என்று படிக்கக் கூடாது. போக முடியாத இடத்தில் சரிபார்க்கவும் முடியாது. மீறல் செய்த தரப்புகளைப் பெயர் சொல்லும் பின்னிணைப்புப் பட்டியலில் விடுதலைப் புலிகளும், கருணா அணியான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகளும் இடம்பெற்றிருந்தன. ஆறில் உதவி மறுப்புக்காக மட்டும் ஒரு தரப்பைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

சட்ட மாணவர், கோவை: காலநிலைக்காகக் குழந்தைகள் போட்ட வழக்கு என்ன ஆயிற்று?

2019இல் 16 பேர், அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி ஆகிய ஐந்து நாடுகள் மீது புகார் கொடுத்தார்கள். 2021இல் குழு அதை ஏற்கவில்லை. காரணம், உள்நாட்டு நீதிமன்றங்களை முதலில் நாடவில்லை என்பதுதான். ஆனால் ஒரு நாட்டின் உமிழ்வால் எல்லைக்கு வெளியே உள்ள குழந்தை பாதிக்கப்பட்டாலும் அந்நாடு பொறுப்பாகலாம் என்று குழு ஒப்புக்கொண்டது. தேர்வுக்கு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், தோல்வி என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.