ரேம் வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

குடியாத்தத்தில் ஜெராக்ஸ் கடை. கணினியில் எச்61 வகை மதர்போர்டு, 4 ஜிபி ரேம். 8 ஜிபி டிடிஆர்4 வாங்கி வந்தேன்; ஸ்லாட்டில் இறங்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் அழுத்தினால் உட்காருமா?

அழுத்தாதீர்கள், ஸ்லாட் விரிசல் விட்டால் போர்டே போச்சு. எச்61 டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேமை மட்டும்தான் ஏற்கும். அதற்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் 1.1 வோல்ட், நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். ஒன்றின் இடத்தில் இன்னொன்று தவறிக்கூட நுழையக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டிக்கரில் "பிசி3-12800" என்றிருந்தால் டிடிஆர்3, 1600 வேகம். "பிசி3எல்" என்பது 1.35 வோல்ட்டிலும் ஓடும் வகை. உங்கள் போர்டிலும் ஓடும். "பிசி4-21300" என்றால் டிடிஆர்4, 2666 வேகம். எச்61-இல் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை போடலாம்.

ஆன்லைனில் டிடிஆர்3 பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கும் ரேம் இன்டெல் போர்டில் ஓடாது. சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ரேமும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் எட்டுக்குப் பதில் ஒன்பது கருப்புச் சில்லு இருந்தால் அது சர்வர் சரக்காக இருக்கலாம், வாங்காதீர்கள்.

போர்டின் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. எச்110-இல் டிடிஆர்3 மாடலும் உண்டு, டிடிஆர்4 மாடலும் உண்டு. இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசஸருக்கான பி660 போர்டில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் தனித்தனி மாடலாக வந்தன.

ஆற்காடு: கூடுதலாக ஒரு ரேம் போட்டோம். ஃபேன் சுற்றுகிறது, பீப் அடிக்கிறது, திரை இருட்டு.

பெரும்பாலும் ரேம் முழுசாக உட்கார்ந்திருக்காது. கிளிப்பைக் கையால் மூடினீர்களா? அதுதான் தப்பு. ரேமின் இரு முனையையும் நேராக அழுத்தினால் கிளிப் தானாக எழுந்து "டக்" என்று கடிக்க வேண்டும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். அசையாத பக்கத்தை முதலில் இறக்குங்கள்.

மறுபடி செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில் வறட்சியில், பாலியஸ்டர் சட்டையோடு ரேமைத் தொட்டால் நிலைமின்சாரம் அதைக் கொன்றுவிடலாம். ரேமின் தங்க நிறக் காலை வெள்ளை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

அப்படியும் வரவில்லையா? ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். தனியாகவும் ஓடாதது பழுது, அல்லது அந்தப் போர்டுக்குச் சேராதது. தனித்தனியாக ஓடி, சேர்த்தால் நின்றால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி பயாஸை (கணினியின் தொடக்க அமைப்பு மென்பொருளை) ரீசெட் செய்யுங்கள். ஓட ஆரம்பித்ததும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு ராத்திரி ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஆரணியில் பட்டுப்புடவை டிசைன் போடுகிறோம். 4 ஜிபி பக்கத்தில் 8 ஜிபி போட்டால் சண்டை வருமா?

வகை ஒன்றாக இருந்தால் வராது. இன்டெல் போர்டில் பொதுவாக 4 ஜிபி ரேமும் 8 ஜிபி ரேமில் பாதியும் ஜோடியாகி, 8 ஜிபி டூயல் சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும். மீதி 4 ஜிபி ஒற்றையாக ஓடும். இரண்டில் வேகம் குறைந்தது எதுவோ, அதன் வேகத்துக்கே மற்றதும் இறங்கும். நாலு ஸ்லாட் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் போடுங்கள். 8-ம் 8-ம் போடுவது அழகுதான். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. இருக்கிற 4 ஜிபியைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஆம்பூர்: கணக்கு எழுதும் கணினி திறக்கவே ஐந்து நிமிடம். ரேம் 8 ஜிபி. 16 ஆக்கலாமா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி 60 சதவீதத்தில் இருந்து டிஸ்க் 100-இல் நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுக்கிறது. அதற்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போடுங்கள். விண்டோஸ் 32-பிட்டா என்றும் பாருங்கள். சாதாரண 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது, நீங்கள் 64 ஜிபி போட்டாலும்.

காட்பாடி மாணவர்: என் லேப்டாப்பில் ரேம் ஏற்ற முடியுமா?

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கம் போங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, மாற்ற முடியாது. "எஸ்ஓடிம்" (கழற்றி மாட்டும் லேப்டாப் ரேம்) என்றிருந்தால் மாற்றலாம். டிடிஆர்4 என்றால் 260 பின், டிடிஆர்5 என்றால் 262. திறக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

சத்துவாச்சாரி: புது டிடிஆர்5 கணினி. முதல்முறை ஆன் செய்ததும் திரை கருப்பாகவே நின்றது. இப்போது 6000 ரேம் 4800 என்று காட்டுகிறது.

இரண்டும் பழுதில்லை. டிடிஆர்5 கணினி முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளும். சில நிமிடம் திரையே வராது. பொறுக்காமல் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும், அதனால் யுபிஎஸ் இல்லாமல் அந்த முதல் ஆன் வேண்டாம். 4800 என்பது பயாஸ் தானாக எடுக்கும் வேகம். இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ என்ற, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை பயாஸில் ஆன் செய்யுங்கள். நாலு ரேம் போட்டிருந்தால் 6000 வராமல் போகலாம். இரண்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.