ஜெப நேரத்தில்கூடக் கை போனுக்குப் போகிறது. ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பது பாவமா? கிறிஸ்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, பைபிளும் போனில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வசனம் வாசிக்கத்தான் திறந்திருப்பீர்கள். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் யாரோ மீன் குழம்பு வைக்கும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். என் ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள், என் கதை அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போதகர் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் சிஎஸ்ஐ குடும்பம், சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பாவமா என்று கேட்டால், இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பைபிளில் நெகேமியா காலத்தில் எருசலேம் அலங்கத்தை, அதாவது நகரத்து மதிலைக் கட்டியவர்கள் ஒரு கையால் வேலை செய்தார்கள், மறு கையில் ஆயுதம் பிடித்திருந்தார்கள். அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் விஷயம் வேறு.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். தினமும் இரவு ஒன்பது மணிக்கு, ஜெபம் முடித்த கையோடு கூப்பிடுவார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, ஜிஎஸ்டி கணக்கைத் தட்டிக்கொண்டிருப்பேன். 20ஆம் தேதி நெருங்கினால் தலையே நிமிராது. "ம்ம்", "அப்படியா", "சரிம்மா" என்று மூன்றே வார்த்தை. அம்மாவின் குரல் எங்கே இறங்குகிறது என்று பார்த்து மூன்றில் ஒன்றைப் போட்டுவிட வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் இருந்தது.

2022 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. பின்வளவில் நின்ற பலாமரத்தைக் காணோம். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வைத்த வருக்கை. அப்பா போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. மரம் நின்ற இடத்தில் மஞ்சள் மஞ்சளாக மரத்தூள், அதை ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

வாயில் நுரையோடு அடுக்களைக்கு ஓடினேன். "யாரக் கேட்டும்மா வெட்டுனீங்க?"

அம்மா அப்பத்துக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. "ஒனக்கிட்ட கேட்டேம்லா மக்கா. கொம்பு ஓட்டுமேல சாயுது, ஆசாரி 18,000 ரூவாய்க்குக் கேக்காரு, குடுக்கட்டான்னு கேட்டேன். செரிம்மான்னு சொன்ன. அப்பா வச்ச மரம்லா, யோசிச்சுச் சொல்லுன்னும் சொன்னேன். அதுக்கும் செரிம்மான்னுதான் சொன்ன."

கோபப்பட எனக்கு ஒரு வழியும் இல்லை. போய் வாய் கொப்பளித்தேன்.

மார்த்தாள், மரியாள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், லூக்கா 10. மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தாள் வேலையில் கிடந்து அல்லாடுகிறாள். இதை வைத்து மார்த்தாளைத் திட்டும் பிரசங்கங்களைச் சிறு வயதிலிருந்து கேட்கிறேன். "எல்லாரும் மரியாளா இருந்தா சோறு ஆரு வடிப்பா?" என்பார் அம்மா. அதுவும் நியாயம்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் "பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்து" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்கு, நாலா பக்கமும் இழுபடுவது என்று பொருள். இயேசு அவளைச் சமைக்காதே என்று சொல்லவில்லை, "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். மார்த்தாளாவது விருந்தாளிக்காக ஓடினாள். நான் விருந்தாளியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன்.

உடனே "எல்லாம் இந்தப் போனால் வந்தது" என்று யாராவது சொல்வார்கள். போன் இல்லாத காலத்திலும் இது இருந்தது. நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் எவாக்ரியஸ் என்று ஒரு துறவி இருந்தார். நடுப்பகலில் துறவிகளைப் பிடிக்கும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று சூரியனைச் சூரியனைப் பார்ப்பானாம், யாராவது வருகிறார்களா என்று வெளியே எட்டி எட்டிப் பார்ப்பானாம். நோட்டிபிகேஷன் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு, ஸ்டான்போர்டில் 2009இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரே நேரத்தில் பல திரைகளை மேய்ந்து பழகியவர்கள், வேண்டாததை ஒதுக்கும் சோதனையில் மற்றவர்களைவிட மோசமாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன் பிசாசின் பெட்டி என்று பீடத்திலிருந்து நாற்பது நிமிஷம் முழங்குவார்கள். முடிந்ததும் "நேரலையில் பார்ப்பவர்கள் சப்ஸ்கிரைப் செய்யுங்கள்", காணிக்கைக்குத் திரையில் கியூஆர் கோடு. சபை வாட்ஸ்அப் குழுவில் காலை நாலரைக்கே வாக்குத்தத்தப் படம், ஒரே படத்தை ஆறு பேர் போடுவார்கள். தேர்தல் வந்தால் அதே குழுவில் நடக்கும் சண்டையை எழுதினால் கூசும். குழுவிலிருந்து வெளியே வந்தால் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்திலிருந்து பின்வாங்கினவன் என்று பெயர். எந்தச் சபை என்று கேட்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலாத்தியரில் ஆவியின் கனி என்று ஒன்பது வருகிறதே, அதில் கடைசி இச்சையடக்கம். அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டதும் வாலிபர் கூட்டத்தில் தலை குனிய வைக்கும் விஷயம் மட்டும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கச் சொல் தன்னைத் தன் பிடியில் வைத்திருப்பதைச் சொல்கிறது. எனக்கு அந்தப் பிடி கிடையாது என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6இல் இருப்பதை அப்படியே செய்கிறேன். போன் கதவுக்கு வெளியே, பிரிட்ஜ் மேல். வாசிப்பது அச்சடித்த பைபிளில். போனில் வாசிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கண் மங்கிய என் பெரியம்மா எழுத்தைப் பெரிதாக்கிப் போனில்தான் வாசிக்கிறார். ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

முழுதாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போன வாரம் பேசிக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து மாட்டிக்கொண்டேன். அம்மா இப்போதெல்லாம் பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்று கேட்கிறார். நேற்று சரியாகச் சொல்லிவிட்டேன். ரெண்டு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, ஒன்று கொத்துகிறது.