டெஸ்டோஸ்டிரோன் 280: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 33. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, குழந்தைக்கு முயல்கிறோம். எப்போதும் அசதி. ஆபீஸில் ஒரு நாள் சாயங்காலம் நடந்த மெடிக்கல் கேம்ப்பில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 280 என்று சிவப்பில் வந்தது. ஜிம் மாஸ்டர் சொன்ன கிளினிக்கில் ஆறு மாத ஹார்மோன் ஊசி பேக்கேஜ் தருகிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். குழந்தை வேண்டும் என்கிறவர் இந்த ஊசிப் பக்கமே போகக் கூடாது.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், 'இங்கே போதுமான சரக்கு இருக்கிறது' என்று நினைத்து மூளை விரைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்யமே ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை வாராவாரம் போட்டு, ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது. கருத்தடை மருந்தைத்தான் உங்களுக்கு 'ஆண்மை பேக்கேஜ்' என்று விற்கிறார்கள்.

சமீபத்தில் ஒருவர் வந்தார். பையிலிருந்து காலி ஆம்பூல்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். பதினொன்று. விந்துப் பரிசோதனையில் ஒரு அணுகூட இல்லை. "குழந்தைக்கும் இது நல்லதுன்னு சொன்னாங்க டாக்டர்" என்றார். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை எந்தக் கிளினிக்கும் பில்லில் காட்டுவதில்லை.

அந்த 280 என்ன? இந்த ஹார்மோன் காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கும். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாள் பார்த்தால்தான் கணக்கு. கேம்ப் நடத்துகிறவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். சிவப்பு எண் வந்தால்தான் அடுத்த டெஸ்ட் விற்கும்.

'சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா?' என்று, ஹார்மோன் குறைவா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் நீட்டுவார்கள். இந்த மாதிரிக் கேள்விகளில் உலகப் புகழ்பெற்ற பட்டியல், ஹார்மோன் விற்ற ஆர்கனான் கம்பெனியின் பணத்தில் ஒரு அமெரிக்க மருத்துவர் எழுதியது. இருபது நிமிடத்தில் எழுதினேன் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்குத்தான் தூக்கம் வராது?

ஊசி வேண்டாம், 'மூலிகை' போகலாம் என்று லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் வைத்தியரிடம் போய்விடாதீர்கள். பாலுறவுச் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டோம். பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்கள், சட்டம் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். இந்தப் பொட்டலங்கள் பலவற்றில் சில்டெனாஃபில், அதாவது வயாக்ராவில் இருக்கும் அதே மருந்து, கலந்திருப்பது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் எடுப்பவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஊசி உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களும் உண்டு. ஒரு வகையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சுமார் 600 ஆண்களில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும். கிளைன்ஃபெல்ட்டர் என்பார்கள். பலர் உயரமாக இருப்பார்கள், மீசை தாடி குறைவு, விரை சின்னதாகக் கெட்டியாக இருக்கும். பலருக்குக் குழந்தை இல்லை என்று பார்க்கும்போதுதான் தெரியவரும். இவர்களுக்கு ஊசி வேண்டியிருக்கும், ஆனால் முதலில் அல்ல. விரையிலிருந்து நேரடியாக அணுவைத் தேடி எடுத்துச் சேமிக்க வாய்ப்பு உண்டு, ஊசிக்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். பேக்கேஜ்காரர் விரையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முன்பணம் கட்டியிருந்தால் போகட்டும், விடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் டெஸ்டோஸ்டிரோனோடு எல்ஹெச் (மூளை விரைகளுக்கு அனுப்பும் அந்தக் கட்டளை ஹார்மோன்), சர்க்கரை, தைராய்டு பாருங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள், அசதிக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி விடுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும்.